கறுப்பு அட்டையும் ‘தும்’ சத்தமும்

பிப்ரவரி 24
ஏரிக்கரையில் இந்த மாத வாணவேடிக்கை. முந்நூறு பேர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லார் படத்திலும் முன்னால் நிற்பவன் மண்டைதான் விழுந்திருக்கும். என் மச்சினன் வேறு, “மாமா, என்னுது பாருங்க, சூப்பர்ல?” என்றான். சட்டையில் மை கொட்டின மாதிரி இருந்தது. பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 25
அவனுக்கு விளக்கப் போனது என் தப்பு. ஷட்டரைத் திறந்தே வைத்து, லென்ஸைக் கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும். கீழே வாணம் கிளம்பும் குழாயில் ‘தும்’ என்றதும் அட்டையை எடு, பூ உதிர்ந்ததும் மூடு. ஒரே படத்தில் நாலு பூ, கீழிருந்து ஏறின ஒளி வாலோடு. மேலே பார்த்துவிட்டு எடுத்தால் வால் போச்சு. காதுதான் வேலை செய்யணும். “இதுக்கெல்லாம் ஆப் இருக்கு மாமா” என்கிறான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

மார்ச் 30
எல்லாம் பாழ். வாலே இல்லாத பூக்கள். வெடிக்காரர்கள் மட்டமான மருந்து வாங்குகிறார்கள், குழாயில் சத்தமே இல்லை.

ஏப்ரல் 9
காலண்டர் அச்சக முதலாளி வாய்க்குள்ளேயே பேசுகிறார். மூன்று தடவை சொல்லவைத்தேன். “இருபது வருஷமா அட்டையில உங்க படம்தான். மே மாசத்துக்குள்ள நல்லதா ஒண்ணு வரலேன்னா வேற ஆளப் பாக்கணும்.” வேற ஆளாம். யாரு, ஆப் வச்சிருக்கிறவனா?

ஏப்ரல் 27
வெடிக்காரனிடமே சண்டைக்குப் போனேன். “என்னய்யா மருந்து இது? சத்தமே வரல!”

அவன் என்னையே பார்த்தான். “அதே மருந்துதாண்ணே. எனக்கு நெஞ்சே அதிருது.”

மச்சினன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

ஏப்ரல் 28
டிவி சத்தத்தை ஒரு வருஷமாக ஏற்றிக்கொண்டே போகிறேனாம், வீட்டுக்காரி சொல்கிறாள். அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? சொன்னாளாம்.

ஏப்ரல் 29
பயமா இருக்கு. வேறென்ன எழுத?

மே 25
மச்சினன் என் பின்னால் நின்று, ஒவ்வொரு ‘தும்’முக்கும் தோளில் தட்டினான். யோசனை அவனுடையதுதான், அதற்கு மட்டும் ஆப் இல்லை போலிருக்கிறது. முதல் மூன்று தட்டும் தாமதம், மடப்பயல். நன்றாகத் திட்டினேன். அப்புறம் சரியாக விழுந்தது. நாலு பூ, நாலுக்கும் வால். அட்டைப் படம் தேறிவிட்டது. அவன் கைப்பேசியை வெளியே எடுக்கவே இல்லை.

திரும்பி வரும்போது வழியெல்லாம் ஏதோ உளறிக்கொண்டே வந்தான்.

“இந்தப் பக்கம் வந்து பேசுடா” என்றேன். “இந்தக் காது கொஞ்சம் கேக்குது.”