முப்பத்து மூன்றுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்

ஒப்ரேரோ பேட்டை,
காலி நகரம், கொலம்பியா.
செப்டம்பர், ஞாயிறு காலை

அன்பு மகள் நஸ்லிக்கு,

இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். அங்கே பில்பாவோவில் நீயும் மாப்பிள்ளை இகெரும் முழங்கால் முதற்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மா லுஸ் தாரிக்கு ஒரு குறையும் இல்லை. அறுபத்தாறு வயதில் ஒரு பெண் இப்படி ஒரு குறையும் இல்லாமல் இருப்பது கட்டிய கணவனுக்கு எவ்வளவு பெரிய தொந்தரவு என்பதைத்தான் எழுதப் போகிறேன். போனிலேயே எழுதியிருக்கலாம், ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் எனக்கு வருவதையும் நான் அனுப்புவதையும் அவள் என்னைவிடக் கவனமாகப் படிக்கிறாள். அதனால் எதிர்வீட்டு மரிசோலின் பெண் ஸ்பெயினுக்குப் புறப்படுகிறாள் என்று தெரிந்ததும் காகிதத்தை எடுத்துவிட்டேன். படித்த பிறகு கிழித்துப் போடு, இல்லாவிட்டால் இகெரிடம் கொடு, என் கையெழுத்து அவனுக்கு எப்படியும் விளங்காது.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சிவப்புப் பெட்டி, மூடினால் கைப்பிடி, திறந்தால் ரெக்கார்டு பிளேயர், அழகாக இருக்கிறதே அப்பா, வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது, மத்தியானச் சோறு கட்டிக்கொண்டு போக. அதில் பாட்டு மட்டும் போடாதே. ஊசியைத் தாங்குகிற அந்தக் கை வெறும் பிளாஸ்டிக், பாரத்தைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, உன் பெரியத்தை நம் வீட்டு சோபாவில் உட்காருவதுபோல ஊசி இசைத்தட்டின் மேல் உட்காரும், உட்கார்ந்தபின் எழுந்திருக்க மனம் வராது. நான் உனக்குக் கொடுத்தனுப்பிய தட்டுகளை அது ஒரு வருஷத்தில் தின்று தீர்த்துவிடும். நீ பார்க்க வேண்டியது கையின் வால்பக்கம் திருகிச் சரிசெய்கிற எடைக்குண்டு இருக்கிறதா என்று. ஊசியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேள். அடியில் சுழலும் தட்டு கனமாக இருக்கட்டும், விரலால் தட்டிப் பார், தகரச் சத்தம் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வா. இன்னொன்று, ஊசியிலிருந்து வருவது கொசு முனகுகிற அளவுச் சத்தம்தான், அதைப் பெரிதாக்கித் தர வேண்டும். உங்கள் ஆம்ப்ளிஃபையரின் முதுகில் ரெக்கார்டு பிளேயருக்கென்று தனித் துளை இருந்தால் சரி, இல்லையென்றால் அந்த வேலையைத் தனக்குள்ளேயே செய்துகொள்ளும் பிளேயராக வாங்கு. இதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, அப்புறம் அதற்கொரு பெட்டியையும் விற்பது கடைக்காரர்களின் பழைய வித்தை. வாங்கிய பிறகு அதையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்காதே. உன் அம்மா குழந்தை இயேசு சிலையை ஸ்பீக்கர் மேல் வைத்திருந்தாளே, டிரம்பெட் முழங்கினால் அவர் சும்மா இருப்பார், பாஸ் கிடார் வந்தால்தான் ஒரு பக்கமாக நகர ஆரம்பிப்பார், போன கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் விளிம்பு தாண்டிப் போய்விட்டார். பிறக்கும் முன்பே கை ஒடிந்த கடவுள் நம் வீட்டில்தான். தெய்வத்துக்கே அந்தக் கதி என்றால் ஊசி என்ன பாடுபடும் என்று நீயே யோசி.

ரப்பர் பெல்ட் சுற்றுவது நல்லதா, மோட்டார் நேராகச் சுழற்றுவது நல்லதா என்று இகெர் கேட்கச் சொன்னானாம். நல்ல கேள்விதான். அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு உன் அப்பன் பட்ட பாட்டைத்தான் இனிமேல் எழுதுகிறேன். மார்ச்சில் என் முழங்காலை அறுத்துத் தைத்தது உனக்குத் தெரியும். அதன்பின் டாக்டர், அவர் போகோட்டாக்காரர், பாவம், குளிர் ஊரில் பிறந்தவர், "நடங்க, படி ஏறுங்க, கோயிலுக்குப் போங்க, ஆட்டம் மட்டும் மெதுவா" என்றார். மெதுவாக ஆடுவது என்றால் என்ன என்று அவரிடமே கேட்டேன். இந்த ஊரில் அப்படி ஒன்று கிடையாது. இசைத்தட்டின் நடுக் காகிதத்தில் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று என்று போட்டிருப்பது நியூயார்க்காரர்களுக்கு. நாங்கள் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அதை நாற்பத்தைந்தில் வைத்துத்தான் ஆடுகிறோம், நீயும் தொட்டிலில் அதைக் கேட்டுத்தான் தூங்கினாய். இகெரிடம் சொன்னால் நம்பமாட்டான். என் தையல் பிரித்த வாரம் நம் பழைய பிளேயரின் மோட்டார் புகை விட்டுச் செத்துப்போனது. உன் அம்மா அழுதாள், நான் மனதுக்குள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். புதிதாக வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று முடிவு செய்கிறவன் நான். இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போது வரும்.

பெல்ட் சுற்றுகிற பிளேயர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மரப் பெட்டி, கண்ணாடித் தட்டு, கம்பீரமான பொருள். வேகத்தை மாற்ற அதில் பொத்தான் கிடையாது, தட்டையே தூக்கி வெளியே வைத்துவிட்டு பெல்ட்டை விரலால் நெம்பி மோட்டார் உருளையின் அடுத்த பள்ளத்தில் மாட்ட வேண்டும். அதற்காகத்தான் அதை வாங்கினேன் மகளே. உன் அம்மாவிடம் இதன் ஒலி சுத்தம் என்றேன், பெல்ட்டை அடிக்கடி மாற்றினால் அறுந்துபோகும், வேறு பெல்ட் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும் என்றேன். அவள் நம்பினாள். அன்றைக்கு முதன்முதலாக அந்தப் பச்சை அட்டை ரெக்கார்டை, எங்கள் கல்யாணத்தில் போட்டது, முப்பத்து மூன்றில் கேட்டோம். நஸ்லி, நாற்பது வருஷமாக அந்தப் பாடகன் யாரோ குறும்புக்காரப் பையன், போகாதே போகாதே என்று காதலியைக் கேலி செய்கிறான் என்று நினைத்திருந்தோம். பார்த்தால் அவன் தொண்டை தடித்த பெரிய மனிதன், அந்தப் பெண்ணிடம் நிஜமாகவே கெஞ்சுகிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அம்மா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்று, "யாருய்யா இது? சாவு வீட்டுல கூட இதவிட விறுவிறுப்பாப் பாடுவாங்களே" என்றாள். இதுதான் அவனுடைய உண்மையான குரல் என்றேன். "பொய்யோட நாப்பது வருஷம் சந்தோஷமாத்தானே இருந்தேன், இப்ப எவன் கேட்டான் உண்மைய" என்றாள். அவள் இடுப்பில் கை வைத்து இரண்டடி அசைத்துப் பார்த்தேன். அடுப்பில் பாத்திரம் இருக்கிறது என்று போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, நான் போய்ப் பார்த்தேன்.

சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவள் சண்டை போடவில்லை. அந்த ஞாயிறு மத்தியானம் வெள்ளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, சலோமியா பக்கம் கிழடுகளுக்கென்று ஞாயிறுதோறும் திறக்கிற ஆட்டக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். நாற்பத்தைந்து வீட்டில் இல்லையென்றால் வெளியே இருக்கிறது. அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். அங்கே ஆடுகிறவர்கள் நடுவில் ஆடுவார்கள், இடுப்பு போனவர், இதயத்தில் ஒயர் வைத்தவர், என்னைப்போல முழங்கால் கெட்டவர் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்து கைப்பைகளைக் காவல் காப்போம். உன் அம்மாவின் ஜோடி தோன் எலியேசர். ஞாபகம் இருக்கும், உனக்குப் பால்பல் பிடுங்கிய பல் டாக்டர். எழுபது ஆகிறது, இரண்டு முழங்காலும் பிறக்கும்போதே கம்பெனி போட்டுக் கொடுத்தது. மரியாதைக்காரர் வேறு, அதுதான் எரிச்சல். ஒவ்வொரு பாட்டுக்கும் என்னிடம் வந்து, "தோன் ஓவிடியோ, உங்க வீட்டம்மாவ ஒரு பாட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். திரும்ப அழைத்து வந்து விட்டுவிட்டு, கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அவள் கால் அந்த வேகத்தில் போகிற அழகை நான் முதல் தடவையாக வெளியிலிருந்து பார்த்தேன். இத்தனை வருஷமும் நான் உள்ளே இருந்ததால் தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவுக்குப் பொறாமை என்று இகெரிடம் சொல்லிச் சிரிக்காதே. சரி, பொறாமையும்தான். ஆனால் பயம் வேறு. எங்களுக்கு வாயால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. நான் உன் மாமன் கல்யாணத்தில் குடித்துவிட்டுப் பேசியது, அவள் என் சித்தப்பா இறந்தபோது பேசாமல் இருந்தது, எல்லாம் ஆடித்தான் தீர்ந்தது. ஒரு பாட்டு போடுவோம், முதல் சுற்றில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், மூன்றாவது சுற்றில் சரியாகிவிடும். ஆட்டம் போய்விட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சம் இருப்பது கரண்டு பில்லும் பூனையும்தான். ராத்திரிச் சாப்பாட்டில் அவள் உப்பைக் கேட்பாள், நான் கொடுப்பேன், அவ்வளவுதான் பேச்சு. ஒரு மாதம் அப்படிப் போனது. பல் டாக்டரின் பேச்சை நானே எடுத்துப் பார்த்தேன், "நல்லா ஆடுறார்" என்றாள். வைதிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மினாவிடம் போனேன். பழைய பிளேயர்கள் வாங்கி விற்கிற குண்டன், அவன் கடையில் இருக்கும் எல்லாப் பொருளும் ஒரு பாதிரியாரிடமிருந்துதான் வந்திருக்கும், எல்லாப் பாதிரியாரும் வாரம் ஒரு முறைதான் பாட்டுப் போட்டிருப்பார்கள். கதையைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "அண்ணே, இது உக்காந்து கேக்குறவங்களுக்குச் செஞ்சது. உங்க வீட்டுல உக்கார்றது யாரு?" என்றான். நான்தான் என்றேன். "அப்ப உங்களுக்குச் சரிதான், அக்காவ மட்டும் பல் டாக்டர் வீட்டுக்கு அனுப்பிருங்க" என்றான், படுபாவி. அப்புறம் மோட்டார் நேராகச் சுழற்றும் ஒன்றை எடுத்து வைத்தான். மூடி கீறல், மற்றபடி ஆனை மாதிரி. பொத்தானை அமுக்கினால் நாற்பத்தைந்து. பக்கவாட்டில் மேலும் கீழும் நகர்த்த ஒரு கட்டை இருக்கிறது, நாட்டியக்கூடங்களில் ஒரு பாட்டோடு அடுத்த பாட்டைச் சேர்த்துவிட வைத்தது. அதைக் கீழே தள்ளினால் வேகம் மெல்ல மெல்ல இறங்கும், கடைசிவரை தள்ளினால் நாற்பத்தொன்று. என் மரப்பெட்டியை வாங்கிக்கொண்டு இதை என் தலையில் கட்டினான், கூடவே பாதிரியாரின் ஆசீர்வாதமும் உண்டு என்றான்.

உன் அம்மா நாற்பத்தைந்தைக் கேட்டதும் கை ஈரத்தோடு ஓடி வந்தாள். அவள் வருவதற்கு முன்பே கட்டையைப் பாதிவரை இறக்கி, மேலே ஒரு துணியைப் போட்டிருந்தேன். அதற்கும் கீழே போனால் பாடகன் குரல் தடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். முழங்காலுக்குக் கணக்குத் தெரியாது, ஆனாலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. முதல் சுற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மூன்றாவது சுற்றில் சரியானாள். இரண்டு பாட்டுக்கு மேல் முடியவில்லை, தாகம் என்று சொல்லி உட்கார்ந்தேன். அப்படியே தினமும் இரண்டு பாட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் கூடத்துக்குப் போனாள், நான் கைப்பை பிடித்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன் துணியை எடுத்துப் பார்த்தால் கட்டை நான் வைத்த இடத்தில் இல்லை, இன்னும் கீழே இருந்தது. பூனை வேலை என்று நினைத்து மறுபடி பாதிக்கு ஏற்றி வைத்தேன். மறுநாள் மறுபடி கீழே, துணி மடிப்புக் கலையாமல் அதன் மேல். நம் பூனைக்குத் துணி மடிக்கத் தெரியாது. அதற்கப்புறம் நான் ஏற்றவில்லை. போன ஞாயிறு அது கடைசிவரை இறங்கி நின்றது, அதற்குக் கீழே தள்ள இடமே இல்லை. அன்று மத்தியானம் தோன் எலியேசர் காரோடு வாசலில் வந்து ஹாரன் அடித்தார். உன் அம்மா உதட்டுச் சாயம் பூசி, வெள்ளிச் செருப்போடு ஜன்னலைத் திறந்து, "இன்னைக்கு வேணாம் டாக்டர், வெயில் தாங்கல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "என்ன பாத்துட்டு நிக்கிற, போடு" என்றாள். நாலு பாட்டு ஆடினோம்.

ஆகவே இகெர் கேள்விக்குப் பதில், மோட்டார் நேராகச் சுழற்றுவது, பக்கத்தில் அந்தக் கட்டை கட்டாயம் இருக்கட்டும். உங்களுக்கு இப்போது தேவைப்படாது, இருந்தாலும் அது இல்லாமல் வாங்காதே. குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொள், ஊசியை முன்பக்கமிருந்து பின்பக்கமாகத் துடை, விரலால் தொடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கடன் இல்லாமல், கீழ்வீட்டுக்காரன் புகார் கொடுக்கும்படி சத்தமாக நீடூழி வாழ ஆண்டவன் துணை இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா எப்படி ஆடுகிறார் என்று அம்மாவிடம் கேள். நாற்பத்தைந்தில்தான், ஒரு பிசகில்லாமல் என்பாள். நம்பினதாகச் சொல்லு.

அன்புள்ள அப்பா,
ஓவிடியோ