மடத்துக் கோவிலில் இரண்டு பெட்டிகள்

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. உன்னையும் உன் வேலையையும் ஆண்டவர் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுதினால் உன் தங்கை பக்கத்தில் நின்று சிரிப்பாள், போன வாரம்தான் டாக்டர் என் பிரஷர் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார், கால் வீக்கம் காலையில் வடிந்து சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் அப்பாவின் பூசை என்று வாயெடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுக்கப் படி.

அடுத்த மாதம் பதினாலாம் தேதியோடு அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவுப் பூசையை நம் பங்குக் கோவிலில் வைக்காமல் மடத்துக் கோவிலில் வைப்பது என்று நான்தான் முடிவு செய்தேன். இருபத்தாறு வருஷம் அந்த மடத்துக் குழாய்களைப் பார்த்துக்கொண்டவர் அவர், பீடத்துக்கு அடியில் ஓடும் பைப்பில் எந்த வளைவு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டைக் கட்டிப்பார் கல்யாணம் பண்ணிப்பார் என்றவர்கள் மடத்தில் பூசை வைத்துப்பார் என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நம் வசதிக்கு மடத்துத் துறவிகள் நேரத்தை மாற்ற மாட்டார்கள், அவர்கள் ஜெபத்தோடு சேர்ந்து காலை ஆறே முக்காலுக்குத்தான் பூசை. பீடத்தின்மேல் போட்டோ கூடாது, மாலை கூடாது, பாட்டை அவர்களே பாடுவார்கள். இதைக் கேட்டதும் உன் அத்தை, என் அண்ணனுக்கு நான் பாடாமல் முன்பின் தெரியாத இருபது பேர் பாடுவதா என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் சித்தப்பா நாலு பக்கத்துக்குப் பேச்சு எழுதி வைத்திருக்கிறார், பூசைக்குள் பேச்சு கிடையாது என்றால், அப்படியானால் வாசலில் நின்று பேசுகிறேன் என்கிறார், வாசலிலும் மௌனம்தான் என்று அவரிடம் யார் சொல்வது. ஆறே முக்காலுக்கு எப்படி வருவது, பஸ் உண்டா, முடிந்தபின் காபி உண்டா என்று ஆளுக்கு ஒரு போன். காபி உண்டு, குடித்த கப்பை அவரவர் கழுவி வைக்க வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்குப் புதிது இல்லை, உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்து பழகியவள்தானே, ஆனால் இப்போது அலுத்துவிட்டது தம்பி. படுத்தால் எழுந்திருக்க மனசில்லை.

போன செவ்வாய்க்கிழமை பூசை விஷயமாகப் பேச நான் மட்டும் போனேன். வருகிறவர்களைக் கவனிக்கும் பிரதர் ஒல்லியானவர், வார்த்தைக்கு ரேஷன் போட்டது மாதிரி பேசுகிறவர். பெரிய மேஜை, இரண்டு நாற்காலி, மூலையில் ஒரு வாஷ்பேசின், அவ்வளவுதான் அந்த அறை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது, அந்தக் குழாய் சொட்டவில்லை. அப்பா வைத்த வாஷர். நம் வீட்டுச் சமையலறைக் குழாய் அவர் இருந்தபோதே சொட்டியது, இன்னும் சொட்டுகிறது. பிரதர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பூசை யாருக்காக, முதல் வாசகம் வாசிப்பது யார், காணிக்கை கொண்டுபோவது யார். அப்பா பெயரை நான் எழுதி முடித்ததும் அவர் தாழ்ந்த குரலில், உங்கள் மகனுடைய பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமா, இருவருடைய ஆத்துமத்துக்காகவும் ஒரே பூசையாக இருக்கட்டும் என்றார்.

எனக்குப் புரியவில்லை. எந்த மகன் என்று கேட்டேன். அவர் எழுந்து போய் நீளமான ஒரு நோட்டை எடுத்து வந்து என் முன்னால் திறந்து வைத்தார். இறந்தவர்கள் என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் உன் ஞானஸ்நானப் பெயர். பக்கத்தைத் திருப்பினால் அடுத்த மாதமும் உன் பெயர். நீ இந்த வீட்டை விட்டுப் போன மாதத்தில் தொடங்கி அப்பா விழுந்த மாதம் வரைக்கும் முப்பத்தொரு இடத்தில் எண்ணினேன். முப்பத்தொரு மாதம் அத்தனை துறவிகளும் எழுந்து நின்று உனக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டிப் பாடியிருக்கிறார்கள். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் பிரதர், நேற்று ராத்திரிகூட என் போனைக் கட் பண்ணினான் என்றேன். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க அடக்க வந்தது, அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார், அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் அழுதேன்.

நடந்தது இதுதான். கோவிலில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று பூசைக் கருத்து எழுதிப் போட இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. இறந்தவர்களுக்கானது வாசலை ஒட்டி இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்கானது மாதா பீடத்துப் பக்கம், மூன்று படி ஏற வேண்டும். அப்பாவின் முட்டியைத்தான் உனக்குத் தெரியுமே, முழந்தாள் போட்டே தேய்ந்த முட்டி, ஜெபத்தில் இல்லை, குழாயடியில். மாதம் ஒருமுறை பம்பைப் பார்க்கப் போகும்போது காதில் செருகிய பென்சிலை எடுத்து ‘என் மகனுக்காக’ என்று உன் பெயரோடு எழுதி, கைக்கு எட்டிய பெட்டியில் போட்டிருக்கிறார். எந்தப் பெட்டி என்று யாரையும் கேட்கவில்லை, கேட்டால் அது உன் அப்பாவா? பிரதரும் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனைத் துருவக்கூடாது என்று ஒன்றும் கேட்கவில்லை, ஒவ்வொரு தடவையும் சூடாகக் காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து, என் வேலைக்கு அங்கே இருக்கும் மரியாதையைப் பார் என்று என்னிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

அப்பாவின் பைப் கடையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று நீ சொன்ன அன்று, “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத” என்று அவர் சொன்னார். நீயும் சரி என்று போனாய். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதில் நீ அவருக்குத் தப்பாமல் பிறந்தவன். அடக்கத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய், நானும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன், நம்பியது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இந்த நோட்டைப் பார்த்த பிறகு எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. முப்பத்தொரு சீட்டு எழுதிய கைக்கு ஒரே ஒரு போன் போட முடியவில்லையா? என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உன்னைக் கூப்பிட்டுப் போனை அவர் காதில் வைத்திருப்பேன். அடுத்து உன்மேல் கோபம் வந்தது. இப்போது இரண்டுமே இல்லை, களைப்புத்தான் இருக்கிறது. தங்கையிடம் சொன்னேன், செத்தபின் பாவம் கழிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அண்ணனுக்கு இனி ஒரு நாள்கூட பாக்கி இருக்காது என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

நோட்டில் இருப்பதை அடித்துவிடச் சொன்னேன். பிரதர் போய் மடத்து அதிபரையே கூட்டிக்கொண்டு வந்தார், வயசானவர், நிதானமாகப் பேசினார். “எழுதினத அடிக்க வேண்டாம்மா. அந்தப் பிள்ளைய ஒரு தடவ கண்ணால பாத்துடறோம், அப்புறம் பக்கத்துலயே உசுரோட இருக்கான்னு எழுதிக்கிறோம்” என்றார். முதல் வாசகத்துக்கு நேரே நான் யார் பெயரையும் எழுதவில்லை. அத்தை தன் மகள் வாசிப்பாள் என்று நிற்கிறாள், சித்தப்பா தானே வாசிக்கிறேன் என்கிறார், இருவரிடமும் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இருபத்தெட்டாம் தேதிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். அப்பா சொன்ன வாசற்படி வீட்டு வாசற்படிதான், கோவில் வாசற்படி இல்லை, ரோஷம் விடாவிட்டால் நேரே அங்கே வா. வீட்டுப்படியை மிதிப்பதைப் பற்றி நீயும் நானும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வேளைக்குச் சாப்பிடு. வருவதானால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள், அந்தக் கோவிலின் கல்தரை காலையில் ஐஸ் மாதிரி இருக்கும். சத்தம் போடும் அந்தப் புது ஷூ வேண்டாம். மாதா உன்னை ஒரு பொல்லாப்பும் அண்டாமல் காக்கட்டும், உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். படிவத்தை மறந்துவிடாதே, இருபத்தெட்டாம் தேதி. அன்றைக்கு மடத்திலிருந்து கிளம்பும்போது பிரதரிடம் ஒரு சீட்டும் பென்சிலும் வாங்கி உன் பெயரை எழுதினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நின்று நின்று, அந்த மூன்று படியையும் ஏறிப் போட்டுவிட்டு வந்தேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா