தனி ஆளுக்கு ரூம் இல்லை

8.6.81, திங்கள் இரவு. திருப்பரங்குன்றம்.

நாளைக் காலை டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. இன்று தங்குவதற்குக் கோயில் பக்கத்துச் சத்திரத்துக்கு வந்தால், மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தனியா வர்ற பொம்பளைக்கு ரூம் கெடையாதும்மா."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "யாரு தனி? இவ என் நாத்தனா."

திரும்பினால், விருதுநகரிலிருந்து பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்த அதே மகராசி! அவளும் தனி ஆள்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"அப்ப ஏன் தனித்தனியா வந்தீங்க?" என்றார் மேனேஜர்.

"எல்லாத்துலயும் இவளுக்கு முந்திக்கிரணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்லாதீங்க மதினி! பஸ்ஸுல இடிச்சுத் தள்ளுனது நீங்கதான்!" என்று கத்திவிட்டேன். அவளும் விடவில்லை.

மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு சாவியை நீட்டினார். "நம்புறேம்மா, நம்புறேன். வீட்டுச் சண்டைய ரூமுக்குள்ள வச்சுக்கங்க."

ரூமில் ஒரே ஒரு ஜன்னல். அதற்கும் ஒரு சண்டை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கை கால் கழுவப் போனேன். திரும்பி வந்தால், மதினி சுவரோரமாகப் படுத்துக் குறட்டை விடுகிறாள்.

ஜன்னலோரம் எனக்குப் பாய் விரித்திருக்கிறது.