மோந்து பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட எட்டுக் கட்டி

7 ஜூலை 2025, திங்கள். காலை 6.10. வாசம் போய் 43-ஆம் நாள்.

மேல்காற்று. வாசல் கதவு இரண்டு தடவை அடித்தது. சன்னல் கட்டையில் உப்பளத் தூசி.

நாலு சீசாவும் மோந்தாயிற்று. கிராம்பு: இல்லை. காப்பித்தூள்: இல்லை. எலுமிச்சைத் தோல்: இல்லை. தைலம்: மூக்குக்குள் குளிர்ச்சி மட்டும், வாசம் இல்லை. ஒவ்வொன்றும் இருபது விநாடி, காலை மாலை. தானாகத் திரும்பும் என்று நெட்டில் ஏதோ ஒரு பக்கத்தில் படித்தது. காய்ச்சல் மூன்று நாளில் போயிற்று. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கும்.

இதை மட்டும் எழுதி வைக்கிறேன், பிறகு நானே மறுக்க முடியாதபடி. கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் சப்ளை செய்யும் இடத்தில் தரம் பார்ப்பது என் வேலை. நாலு வருஷம் உணவுத் தொழில்நுட்பம் படித்துக் கிடைத்த ஒரே வேலை. தாளில் நாலு கட்டம்: நிறம், வெப்பம், தொட்டுப் பார்த்தது, வாசம். கீழே என் கையெழுத்து. இந்த 43 நாளில் 61 தாள். நாலாவது கட்டத்தில் 61 பொய்.

மாலை 6.30.

சென்னைப் பெட்டி ஐந்து மணி நேரம் தாமதம். வேன் கயத்தாறு பக்கம் டயர் வெடித்து நின்றதாம். டிரைவர் ஒத்துக்கொண்டது மூன்று மணி நேரம். தெர்மக்கோலுக்குள் ஐஸ் பொதி எல்லாம் கொழகொழ. வெப்பம் 14. இருக்க வேண்டியது 4.

உள்ளே ப்ளூ சீஸ் (இனி ப்.சீ.), அரைக்கிலோ கட்டி ஒன்பது. அதில் எட்டு, கப்பலுக்கு. ஒன்று மாதிரி, ஒரு வாரம் நம் ஃபிரிட்ஜில் இருக்கும்.

கோல்ட் ரூமில் எல்லோரும் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டார்கள். எனக்கு வெறும் குளிர்.

அண்ணாச்சி (முதலாளி) கதவிலேயே நின்றார். "என்னலே, செத்த எலி வாடை அடிக்கி?"

"சீஸ் அண்ணாச்சி. அது அப்படித்தான்."

"ஏலே, அது வரும்போதே பூசணம் புடிச்சுத்தான் வருது. இதுல கெட்டது எது, கெடாதது எதுன்னு எப்படிலே கண்டுபிடிக்க?"

"அதுக்குத்தான அண்ணாச்சி நான் இருக்கேன்."

அப்படியே சொன்னேன். வாய், வாய்.

ப்.சீ. கெட்டதா என்று பார்க்க:
கண்: நீலம், பச்சை, சாம்பல் நரம்பு சரி. ரோஸ், பழுப்பு, கறுப்பு ரோமம் கூடாது. (இல்லை.)
கை: ஈரம் சரி, உதிர்ந்தால் சரி. பிசுபிசுப்பு கூடாது. (ஓரத்தில் கொஞ்சம். "வேர்வை" என்று எழுதினேன்.)
நாக்கு: நல்லதும் சுள்ளென்னும், கெட்டதும் சுள்ளென்னும். உபயோகம் இல்லை.
பி.எச். தாள்: இதற்கும் அதற்கும் நடுவில். உபயோகம் இல்லை.
மூக்கு: அமோனியா அடித்தால் திறந்து வைத்து ஒரு மணி நேரம் விட வேண்டும். போய்விட்டால் சரி. போகாவிட்டால் குப்பை.

எல்லாம் கடைசியில் மூக்கில் வந்து நிற்கிறது.

என் கணக்கு இது: அமோனியா வாசம் மட்டும் இல்லை, எரிச்சலும்கூட. எரிச்சலுக்கு வேறு நரம்பு, அது எனக்கு வேலை செய்கிறது. கட்டியைப் பிரித்து மூக்கை ஒட்ட வைத்து இழுத்தேன். எரியவில்லை. எரியவில்லை என்றால் அமோனியா இல்லை. பாஸ்.

இழுக்கும்போது கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டினேன். மூக்கு இருந்த காலத்தில் இப்படியெல்லாம் செய்ததே இல்லை.

5 மணிக்குக் கப்பலில் ஏற்றியாயிற்று. அங்கே குக் ரோமெல், பிலிப்பைன்ஸ்காரர், அம்பது வயது. தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மோந்தாயா என்றார். மோந்தேன் என்றேன். "அப்போ சரி தம்பி. எனக்கு இந்த நாத்தம் ஆகாது. கேப்டனும் இன்ஜினியர்களும்தான் தின்பார்கள். உன் மூக்குதான் என் மூக்கு." அவர் இங்கிலீஷில் சொன்னது ஏறக்குறைய இதுதான். என் தோளில் தட்டினார்.

கப்பல் புதன் இரவு பத்துக்குக் கிளம்புகிறது. அடுத்த துறைமுகம் பதினோரு நாள். டாக்டர் கிடையாது.

8 ஜூலை, செவ்வாய். 44.

தூக்கம் இல்லை. 14 டிகிரி. ஓரத்துப் பிசுபிசுப்பு. வேர்வையாம், வேர்வை!

அக்கா பிள்ளைக்கு இன்று பத்தொன்பது நாள். பிரசவத்துக்கு வந்தவள் இங்கேதான் இருக்கிறாள். காலையில் என் மடியில் போட்டாள். "ஏல, உச்சந்தலைய மோந்து பாரேன். என்னா வாசம்!" மோந்தேன். ஆமா என்றேன். வெந்நீர்ச் சூடு மட்டும் தெரிந்தது.

மதியம் வீட்டுக்கு வரும்போது இரண்டு மாதிரி கொண்டுவந்தேன். ஒன்று நேற்றைய ஒன்பதாவது கட்டி. இன்னொன்று பழைய லாட்டில் விற்காமல் மீந்தது. மூக்கு இருந்தபோது நானே பார்த்து வைத்தது, 4 டிகிரியில் இருந்தது, தேதியும் முடியவில்லை. மூன்று பீங்கான் தட்டு. இரண்டில் பழையது, ஒன்றில் புதியது. எது வேறு என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். எது நல்லது என்று கேட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் கெட்டது என்பார்கள். கல்லூரி லேபில் செய்த சோதனை.

அம்மா குசினி வாசலில் உட்கார்ந்து பால்சுறா கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பால் சுரக்க, வாரம் மூன்று நாள் சுறாப்புட்டு. இருபது வருஷம் ஏலத்தில் மீன் எடுத்து விற்ற கை.

"அம்மா, இத மோந்து பாரு. மூணுல எது வேற?"

"சீ, தூரப் போ! சவத்த வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டான். பச்சப்பிள்ள இருக்க வீடு."

"ஒரே ஒரு தடவம்மா."

கையைத் துடைத்துவிட்டு முதல் தட்டுக்குக் குனிந்தாள். முகம் சுளித்தது. இரண்டாவது. சுளித்தது. மூன்றாவதில் சுளிக்கவில்லை, நின்றாள். மறுபடி முதலாவதுக்குப் போய் மறுபடி மூன்றாவதுக்கு வந்தாள். சுறாத் துண்டைப் பார்த்தாள்.

"இதுவும் இதுவும் ஒண்ணு. நாத்தந்தான், ஆனா கருவாடு மாதிரி, வேணும்ங்கவன் திம்பான். இது வேற. சுறாவ அறுத்துப்போட்டு வெயில்ல விட்டா ஒரு மூத்திர வாடை வரும்லா? அது."

மூன்றாவது, நேற்றைய கட்டி.

தட்டுகளைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காற்றில் விட்டேன். இடம் மாற்றினேன். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி மறுபடி மாற்றினேன். மூன்று முறை. மூன்று முறையும் அதே கட்டி. "இன்னும் இருக்குய்யா. கொறயல. நான் வாங்குத சுறால இந்த வாடை இருந்தா மஞ்சத்தண்ணில போட்டு அலசுவேன். அலசியும் இருந்தா பூனைக்குக்கூடப் போட மாட்டேன்."

அக்காவையும் கூப்பிட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவை குனிந்துவிட்டு எட்டப் போய் நின்றாள். "எம்பிள்ள மூத்திரத்துணி மூணு நாள் மூட்டைல கெடந்த மாதிரி இருக்கு" என்று அதே தட்டைக் காட்டினாள்.

அமோனியா எரிவதற்கு எவ்வளவோ முன்னாலேயே நாறும். அந்த இடைவெளியில்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்மா சுறாவுக்குத் திரும்பினாள். திரும்பிக்கொண்டே, "நீ மோக்க வேண்டியதத்தான எங்கிட்ட நீட்டுத?" என்றாள்.

"ரெண்டாவது ஆளும் பாக்கணும்மா. ரூல்."

"ரூலாம்."

குக் நம்பருக்கு மெசேஜ் அடித்தேன். அழித்தேன். அடித்தேன். அழித்தேன். சீஸைத் தொடாதே என்றால் ஏன் என்பார். நேற்று மோந்தாயே என்பார். அதற்குப் பதில் ஒன்றுதான் இருக்கிறது. அது கேப்டனுக்குப் போகும், கேப்டனிடமிருந்து அண்ணாச்சிக்கு மெயில் வரும், அண்ணாச்சியிடமிருந்து ஊரில் அத்தனை சப்ளைக்காரருக்கும். மூக்கில்லாத தரம் பார்ப்பவன். இந்த ஊரில் இன்னொரு இடம் கிடைக்காது.

சாப்பாட்டில் சுறாப்புட்டு. "எப்படிய்யா இருக்கு?" என்றாள் அம்மா. சூப்பர் என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு புரிந்தது. நேற்றுக் குழம்பு அடிபிடித்ததாம். அதையும் சூப்பர் என்று சொல்லியிருக்கிறேன்.

9 ஜூலை, புதன். 45.

காற்று அதிகம். சீசா நாலும் இல்லை.

9.15. அண்ணாச்சியிடம் சொன்னேன். பாதி.

"அண்ணாச்சி, திங்கக்கெழம போன சீஸ் சரியில்ல. திருப்பி எடுக்கணும். ஹார்பருக்குள்ள போக பாஸ் லெட்டர் குடுங்க, போய் எடுத்துட்டு வாரேன்."

"நீதானலே மோந்து கையெழுத்துப் போட்ட?"

"ஆமா."

"திங்கக்கெழம நல்லாருந்தது புதன்கெழம எப்படிலே கெட்டுச்சு? கப்பல்ல ஃபிரிட்ஜ் இல்லயா?"

"திங்கக்கெழமையே கெட்டுத்தான் இருந்துச்சு. எனக்கு... சளி புடிச்சிருந்துது. சரியா தெரியல."

கணக்குப்பிள்ளை சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சளின்னு போய்ச் சொன்னா, அப்ப கோழி? பால்? அதுவும் சளிலதான் பாத்தியான்னு கேப்பான்லா. பூசணம் புடிச்சத பூசணம் புடிச்சிருக்குன்னு எவனும் சொல்ல மாட்டான். கப்பல் ராத்திரி போயிரும். போய் வேலையப் பாரு."

அவர் கேட்டது சரியான கேள்வி. கோழி? பால்? எனக்கே இரண்டு நாளாக அதுதான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சளி இல்லை அண்ணாச்சி, மூக்கே இல்லை. ஐந்தே வார்த்தை. வரவில்லை. வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று வாந்தி எடுத்தேன். அதுவும் வாசமில்லாமல்.

1.40. வீடு. தட்டுப் போட்டிருக்கும் என்று வந்தால் மேசையில் மூன்று டம்ளர், ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அக்கா பிள்ளையோடு கதவோரம்.

"நேத்து நான் மோந்தேம்லா. இன்னைக்கு நீ மோந்து சொல்லு. எது வேற?"

"என்னம்மா வெளயாட்டு, பசிக்கி."

"வெளயாட்டுல்ல. மோந்து பாருய்யா."

குனிந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. கண்ணை மூடினேன், தலையை ஆட்டினேன். ஒரு டம்ளர் துணியில் லேசாக ஈரம் பட்டிருந்தது, நடுவில் உள்ளது. மற்ற இரண்டும் காய்ந்திருந்தன. கண்ணால் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது.

"நடுவுல உள்ளது. வேற மாதிரி அடிக்கி. புளிச்ச வாடை."

அம்மா மூன்று துணியையும் அவிழ்த்தாள்.

"மூணுலயும் தண்ணிய்யா. பைப்புத் தண்ணி."

அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"எத்தன நாளா?"

"நாப்பத்தஞ்சு."

"நாப்பத்தஞ்சு நாளா நான் ஆக்கிப் போடுதத சூப்பர் சூப்பர்னு தின்னுருக்க." இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "காய்ச்சல்ல போச்சாக்கும். போனா போச்சு, டாக்டர்ட்ட காட்டுவோம். இல்லாத மூக்க வச்சு எதுக்குய்யா பொய்யா மோக்குத? அந்தக் கப்பல்ல இருக்கதெல்லாம் யாரு பெத்த பிள்ளையளோ."

கை கழுவப் போனாள். நடு டம்ளர் துணியை எடுத்துப் பார்த்தேன். கட்டும்போது சிந்தியிருக்கிறது. அவ்வளவுதான். அதற்குப் புளிச்ச வாடை என்று பெயர் வைத்தேன்.

சீஸோடு சேர்த்து 62 தாளையும் இப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

2.25. கப்பல் கிளம்ப ஏழரை மணி நேரம் இருக்கிறது. இனி செய்ய வேண்டியது, இதே வரிசையில்:

1. ரோமெலுக்கு மெசேஜ். இப்போதே, இந்தப் பக்கத்தை மூடுவதற்குள். "எட்டுக் கட்டியையும் யாரும் தொட வேண்டாம். கெட்டுவிட்டது. எனக்கு 45 நாளாக வாசம் தெரியாது, உங்களிடம் பொய் சொன்னேன்." அழிக்கக் கூடாது.
2. அவர் பதில் போடாவிட்டால் கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு நேரே போவது. பாஸ் லெட்டருக்குக் காத்திருக்கக் கூடாது.
3. அண்ணாச்சி. போனில் இல்லை, நேரில். சளி என்ற சொல் வரக் கூடாது. கணக்குப்பிள்ளை இருந்தாலும் பரவாயில்லை.
4. கோல்ட் ரூமில் என் கையெழுத்தோடு இன்னும் இருப்பவை: கோழி 2 பெட்டி, வெண்ணெய், இறால். மூக்குள்ள ஒருவர் திரும்பப் பார்க்கும்வரை எதுவும் வெளியே போகக் கூடாது. என்னை வேலையிலிருந்து விலக்கினாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.
5. 62 தாளின் நகல். எந்தக் கப்பல், என்ன சாமான் என்று தனித்தனியாக எழுதி அண்ணாச்சி மேசையில் வைப்பது.
6. ஒன்பதாவது கட்டியைக் குழி தோண்டிப் புதைப்பது. பூனை எடுக்காத ஆழம்.
7. சனிக்கிழமை பாளையங்கோட்டை, மூக்கு டாக்டர். அம்மா கூட வருகிறாளாம்.
8. இன்று ராத்திரி "எப்படி இருக்கு" என்று கேட்டால்: உப்பு, புளிப்பு, காரம் சொல்லலாம். மற்றது தெரியலம்மா.