நாலு செகண்டு முந்திய பந்து

1997 ஜூன் 9
என் பெயரை நானே எழுதிவிட்டேன். கல்யாணசுந்தரம். எழுபத்து நாலு வயதில்! சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு ஜோசபின். நாங்கள் இருக்கும் போபோடியில் கடைப் பலகை எல்லாம் மராட்டி. “தமிழ் படிக்கத் தெரிஞ்சும் இங்க ஒரு பலகையும் படிக்க முடியலையே மாமா” என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ஜூன் 10
காலண்டர், ஊறுகாய்ப் புட்டி, ஊரிலிருந்து வந்த அரிசிப் பை. எதையும் படிக்காமல் விடவில்லை.

ஜூன் 17
காட்கி ஃபாக்டரி சங்கு ஊதியது. மருமகள் சியாமளா அதைக் கேட்டுக் கடிகார முள்ளைத் திருப்பி வைத்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஏன் என்று எழுதலாமா? யார் படிக்கப் போகிறார்கள்?

ஜூன் 18
எழுதுகிறேன். 1949. துறைமுகக் கோபுரத்தில் வேலை. உச்சிக் கம்பத்தில் பெரிய கறுப்புப் பந்து. ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேலே ஏற்றுவோம். சரியாக ஒரு மணிக்கு விழ வேண்டும். கப்பல்களில் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். நாலு செகண்டு தப்பினால் நடுக்கடலில் ஒரு மைல் தப்பும்.

கீழே அறையில் கடிகாரத்தின் முன்னால் அப்துல் காதர். அங்கிருந்து பந்து தெரியாது. அவர் “விடும் வே!” என்று கத்துவார். மேலே நான் பிடியை விடுவேன்.

அன்று கை வியர்த்து வழுக்கிவிட்டது. பந்து போன பிறகுதான் குரல் வந்தது.

தப்பாக விழுந்தால் உடனே கொடி ஏற்ற வேண்டும். கப்பல்காரர்கள் அந்த நேரத்தை எடுக்க மாட்டார்கள். இரண்டு மணிக்கு மறுபடி பந்து விழும். கொடி என் காலடியில்தான் கிடந்தது. ஏற்றவில்லை. வேலை போயிருமேன்னு பயம்.

ஜூன் 20
நேற்று எழுத முடியவில்லை.

ஒரு கப்பல்காரன் புகார் செய்தான். விசாரணையில், “அவர் கத்தினார், நான் விட்டேன்” என்றேன். எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார்கள். அப்துல் காதருக்கு வேலை போயிற்று. போகும்போது என் தோளைத் தட்டினார். “உம்ம கை சரிதான் வே. என் வாய்தான் முந்திட்டு.”

நம்பிவிட்டார்!

என்ன எழுதினாங்களோ, நமக்கு எழுத்தா தெரியும்னு நாப்பத்தெட்டு வருஷம் சொல்லிக்கிட்டேன். படிச்சுத்தானே காட்டினாங்க? காது இருந்துச்சுல்ல?

ஜூலை 2
ஊருக்குப் போன மகன் சுப்ரமணியன் காயல்பட்டினத்தில் விசாரித்து அப்துல் காதரின் முகவரி கொண்டுவந்தான். மனுஷன் இருக்கிறார்.

ஜூலை 7
நாலு நாள் எழுதி அரைப் பக்கம். “என் கை வழுக்கியது. கொடி ஏற்றவில்லை. உம்ம குரல் சரி.” தபாலில் போட்டேன்.

ஜூலை 21
ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 4
கடிதம். “நான் படிக்கட்டுமா மாமா?” என்றாள் ஜோசபின். வேண்டாம் என்றேன்.

அவர் மகள் எழுதியிருக்கிறாள்: “வாப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நான் சரியாகத்தான் பார்க்கிறேனா என்று தினமும் எங்களைக் கேட்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து. உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு கேட்பதில்லை. உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.”

மூன்று முறை படித்தேன். கடைசி வரி மாறவில்லை.