எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே தலைக்கயிறு

என் தங்கமே, கமலா,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. செந்தூலில் எல்லாரும் சுகம். ரயில் பட்டறைச் சங்கு காலையும் மாலையும் ஊதுகிறது. உன் அத்தான் சோற்றுத் தூக்கோடு போகிறார், வருகிறார். உன் வீட்டுக்காரர்தான் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு வாய் எடுத்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்.

நம் ஊர்ச் சபையின் பொங்கல் மலருக்கு உன்னைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதை எழுதத்தான் ஊரே இருக்கிறதே. நான் எழுதினால் இப்படித்தான் வரும். படிக்கிறவர்கள் படிக்கட்டும். உன்மேல் எனக்குப் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. செத்துப்போனவள்மேல் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபைக் கூடத்தில் வந்து நின்று பார், தெரியும்.

உன் பின்னல் கோலாட்ட வகுப்பை நான்தான் எடுத்து நடத்துகிறேன். அதே எட்டுப் பிள்ளைகள். கூடத்து உத்தரத்தில் நீ கட்டிய அதே எட்டுக் கயிறு. உன் அத்தான் பட்டறையில் மிஞ்சிய கட்டையைக் கடைந்து கொடுத்த அதே கோல்கள். இடது கையில் கயிறு, வலது கையில் கோல், உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று. கயிறு பின்னிக்கொண்டே வரும். பிறகு அதே அடியைத் திருப்பிப் போட்டுப் பின்னலைப் பிரிக்க வேண்டும். ஒரு பிள்ளை பிசகினாலும் எட்டுக் கயிறும் சிக்கிக்கொள்ளும். இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான். உனக்கு எப்போதும் மூன்றாவது சுற்றில் கால் தடுமாறும். எனக்கு ஒருநாளும் தடுமாறியதில்லை.

அப்படியிருந்தும் பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்டார்கள், என் பேச்சைக் கேட்கவில்லை. முதல் நாளே ஒருத்தி கயிற்றைப் பிடித்து ஊஞ்சல் ஆடினாள். இரண்டு பேர் கோலால் மண்டையில் அடித்துக்கொண்டார்கள். ரயில் எஞ்சின் அடுப்பில் நிலக்கரி தள்ளுகிற பயர்மேன் மகள் அஞ்சலை இருக்கிறாளே, ஏழு வயசுதான், அவள் பக்கத்துப் பிள்ளையின் சடையைக் கயிற்றோடு சேர்த்து முடிந்துவிட்டாள். திட்டினேன். சுவரோரம் நிற்க வைத்தேன். பாசார் கடையில் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன், அடுத்த வாரம் ரொட்டி எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் கோலைத் தொட்டார்கள். எதைச் செய்தாலும் கடைசியில் ஒரே பேச்சு. கமலக்கா இப்படிச் செய்ய மாட்டாங்க.

நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். நீ சத்தம் போட்டதே இல்லை. குறும்பு செய்கிற பிள்ளையிடம் போவாய், குனிவாய், காதில் ஏதோ சொல்வாய். அது முகம் மலர்ந்து தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சரி, நாமும் குனிவோம் என்று அஞ்சலையிடம் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "இன்னொரு தடவை ஆடினே, முதுகுத் தோலை உரிச்சுடுவேன்" என்று சொன்னேன். அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கோயில் பண்டாரம் எழுந்து வந்துவிட்டார்.

சபைச் செயலாளர், பட்டறை ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியார், என்னைக் கூப்பிட்டார். பொங்கலன்று பிரிக்பீல்ட்ஸ் விழா மேடையில் ஆடியாக வேண்டுமாம், முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கூடத்தைப் பஜனைக்குக் கொடுத்துவிடுவாராம். எனக்குப் பொங்கலும் பெரிதில்லை, பிரிக்பீல்ட்ஸும் பெரிதில்லை. இந்த எட்டில் ஒரு பிள்ளையாவது உன்னைத் தேடாமல் என்னைத் தேட வேண்டும். அதற்குத்தான் நான் தவித்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு ஒரு யோசனையோடு போனேன். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற பிள்ளையின் கயிறுதான் தலைக்கயிறு, இல்லையா? அதில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினேன். யார் ஒழுங்காக நிற்கிறார்களோ அவளுக்கு இது என்று சொல்லி, கிராணியார் மகள் சரோஜா கையில் கொடுத்தேன். அஞ்சலை பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"தலைக்கயிறு என்னுது. கமலக்கா என் காதுல சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னும் சொன்னாங்க."

சரோஜா விடவில்லை. தன்னிடமும் அப்படித்தான் சொன்னாய் என்றாள். மூன்றாவது பிள்ளை தன்னுடையது என்றது. நான்காவது அழ ஆரம்பித்தது. எட்டுப் பேரிடமும் தனித்தனியே அதே ரகசியத்தைச் சொல்லி வைத்திருக்கிறாய். உன் கயிறுதான் தலைக்கயிறு, நீ நின்றால் ஆட்டம் நின்றுபோகும், வெளியே சொல்லாதே. எட்டும் உன்னை நம்பி வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு நாடாவைக் கட்டி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "உங்க கமலக்கா உங்க எட்டுப் பேரையும் நல்லா ஏமாத்தியிருக்கா" என்றேன்.

சொல்லும்போது எனக்கு உள்ளே இனித்தது, கமலா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகள் என் முன்னால் முதல்முறையாக அசையாமல் நின்றார்கள். பிறகு சரோஜா கோலைக் கீழே வைத்தாள். ஒவ்வொருத்தியாக வைத்துவிட்டு வெளியே போனார்கள். அஞ்சலை மட்டும் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு ஒரு பிள்ளைகூட வரவில்லை. தொங்குகிற கயிறுகளுக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னிடமிருந்து அவர்களைப் பறிக்கப் பார்த்தேன். உனக்கும் இல்லாமல் எனக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் வயிற்று வலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு அஞ்சலை வந்தாள், தனியாக. கோலை எடுக்கவில்லை. என் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கமலக்கா சொன்னது பொய்யாவே இருக்கட்டும்க்கா. எனக்கு அது நல்லா இருந்துச்சு. நீங்களும் எனக்கு ஒண்ணு சொல்லுங்களேன்."

நான் அவளை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவாயா? இத்தனை மாதமாக அவளுடைய குறும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னுடைய வரியை எடுத்துச் சொல்ல முடியாது, அது பொய்யென்று போட்டுடைத்தவளே நான்தான். புதிதாகப் பொய் சொன்னாலும் இனி பிள்ளைகள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். அவளுக்கு மட்டுமே பொருந்துகிறதாக, உள்ளதாக ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. அவள் ஆடுவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கிடைத்தது. குனிந்து காதில் சொன்னேன்.

அவள் என்னிடம் ஒன்று கேட்டாள், பதில் சொன்னேன். பிறகு எழுந்துபோய்த் தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு வாரம் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இப்போது ஏழு பேர் வருகிறார்கள். சரோஜா இன்னும் வரவில்லை. கிராணியார் வீட்டு வாசலில் நாளைக்குப் போய் நிற்கப்போகிறேன், அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான். ஏழு பேருக்கும் ஏழு விதமாகச் சொல்லியாகிவிட்டது. எனக்கு அது உன்னைப் போல் வாயில் தானாக வருவதில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு வாரம் ஆகிறது. சடையை இன்னும் முடிந்துவிடுகிறார்கள், மண்டையில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எட்டாவது கயிற்றை நான் பிடித்துக்கொள்ள, கயிற்றுப் பின்னல் மட்டும் சிக்காமல் பிரிகிறது.

பொங்கலன்று எட்டுக் கயிறும் பிரிந்து தொங்கும், இது நான் உனக்குத் தருகிற வாக்கு. உன்னைப் பற்றி இனி அந்தப் பிள்ளைகளிடம் ஒரு சொல் தப்பாகப் பேச மாட்டேன், இதுவும் வாக்கு. பொறாமையை விட்டுவிடுவேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே.

அஞ்சலையின் காதில் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், இல்லையா? அதைச் சொன்னதும் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இதை வேற யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கீங்களா?" இல்லை என்றேன். "சொல்லவும் கூடாது" என்றாள்.

அதனால் உன்னிடமும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையும் பொறாமையையும் ஒன்றாக வைத்திருக்கும் உன் கூடப்பிறந்தவள்,
அக்கா செண்பகம்