நாலாவது காது

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே வேலை. லேஸ் கட்டுவது, அவிழ்ப்பது, மறுபடி கட்டுவது. ஓட்டப்பந்தய ஷூவுக்கு லேஸ் அமைப்பு வரைவதுதான் என் தொழில் என்றால் இன்னும் ஆட்கள் சிரிக்கிறார்கள். "அதுல வரைய என்னங்க இருக்கு? ரெண்டு பக்கம் ஓட்டை, நடுவுல கயிறு!" போன வாரம் பல் டாக்டர் கேட்டார். அவர் விரல்கள் என் வாய்க்குள் இருந்ததால் பிழைத்தார்.

இது என் மூன்றாவது மாதிரி. இதில் ஓட்டையே கிடையாது. பக்கத்துக்கு ஆறு நாடா வளையங்கள். பட்டறையில் அவற்றைக் காது என்கிறோம். லேஸ் காதுகளுக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். மேலே ஒரே இழுப்பு, விரல் பக்கம் வரை சீராக இறுகிவிடும். அவிழாது.

முதல் மாதிரி அவிழ்ந்தது. இரண்டாவது அறுந்தது. இதுவும் ஊற்றிக்கொண்டால் கலர் பிரிவுதான் என்று மேனேஜர் ஜாடையாகச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அங்கே போனால் நாள் முழுக்க இந்த நீலமா, அந்த நீலமா என்று உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்பது வருஷம் இதற்காகவா கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்?

27ஆம் தேதி ஒப்புதல் கையெழுத்து. நான் போட்டால் ஆலை ஓடத் தொடங்கிவிடும்.

மார்ச் 5, வியாழன்

லேப் சோதனை முடிந்தது. பதினெட்டுப் பேர், ஆளுக்கு நாற்பது நிமிடம் ட்ரெட்மில். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை!

பதினெட்டுப் பேருக்கும் நானே குனிந்து லேஸ் கட்டிவிட்டேன். ஸ்பிரிங் தராசை மாட்டி, எல்லோருக்கும் ஒரே அளவு இழுப்பு. ஆளுக்கொரு மாதிரி கட்டினால் எதை எதோடு ஒப்பிடுவது? இடுப்பு கழன்றுவிட்டது. மாதிரிகளைத் தைக்கும் தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை பேர் கால்ல விழறீங்களே மேடம், பிரமோஷன் வேணும்னா மேனேஜர் கால்ல விழுங்க" என்றார். மனிதருக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

மார்ச் 9, திங்கள்

நீண்ட தூரச் சோதனைக்கு எனக்கு இருப்பது ஒரே ஆள், நாத்தனார். கீழ்த்தளத்தில் இருக்கிறாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள், வேலைக்குப் போவதற்கு முன் ஓடுகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் முப்பத்தாறாவது கிலோமீட்டரில் லேஸ் அவிழ்ந்து, குனிந்து கட்டி, நிமிரும்போது தொடை பிடித்துக்கொண்டது. நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியவள் ஆறு நிமிடத்தில் கோட்டை விட்டாள். அவிழாத லேஸ் என்ற பைத்தியம் எனக்கு அன்றுதான் பிடித்தது.

அவளிடம் நல்ல பெயர் வாங்குவது லேசில்லை. என் சமையல், என் திரைச்சீலை, என் சிரிப்பு, எல்லாவற்றிலும் ஒரு நொள்ளை கண்டுபிடிப்பாள். எங்கள் கல்யாணத்துக்குப் பத்துக்கு ஏழு மார்க் போட்டவள். அண்ணனுக்கு இரண்டு மார்க் குறைத்தேன், பெண்ணுக்கு ஒன்று என்றாள்.

இந்த ஷூவுக்கு ஒன்பது போட்டிருக்கிறாள். ஐந்து ஓட்டத்துக்கும் ஒன்பது. படிவங்களை மேசை மேல் பரப்பி வைத்து நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தாள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சாக்ஸோடு மாடி ஏறி வந்தாள். லேஸை ஒழுங்காக முடிந்து, துடைத்து நீட்டினாள். இவளா? தன் காப்பி டம்ளரைக் கழுவ மாட்டாள்!

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு அண்ணி."

"ஒரு குறையும் இல்லையா?"

"சொன்னேன்ல? எழுதிக்கோங்க, ஒன்பது."

காலைச் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுதிக்கொண்டேன். இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "அவளே சொல்லிட்டாளா? அப்ப உனக்குப் பட்டமே குடுத்துடலாம்" என்றார்.

மார்ச் 18, புதன்

தலைமை அலுவலகத்திலிருந்து இப்போதே வாழ்த்து வந்துவிட்டது. பதறிப்போனேன். ஆனால் நாலு தடவை படித்தேன்.

மார்ச் 23, திங்கள்

எப்படி எழுதுவது இதை.

கோப்பில் வைக்கப் படம் எடுக்கலாம் என்று நாத்தனார் ஓடிய ஷூவை வெளிச்சத்தில் வைத்தேன். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஷூ. காதுகள் எல்லாம் புழுதி ஏறிப் பழுப்பாக இருக்கின்றன. லேஸ் உரசிய இடத்தில் நூல் பிசிறியிருக்கிறது. கீழிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, அப்படியே. ஐந்து, ஆறு, அப்படியே.

நாலாவது மட்டும் கிட்டத்தட்டப் புதுசு. பிசிறு இல்லை. நேற்றுத் தைத்தது மாதிரி இருக்கிறது. வலது ஷூவிலும் நாலாவது. இடதிலும் நாலாவது. இரண்டு ஷூவிலும் சேர்த்து நாலு காதும் சுத்தம்.

அந்த இடத்தில் லேஸ் ஓடவே இல்லை. ஆனால் ஷூ என் கைக்கு வரும்போதெல்லாம் அந்தக் காதிலும் லேஸ் மாட்டியிருந்தது.

பாதத்தின் மேடு அங்கேதான் இருக்கிறது. எலும்பு, அதன் மேல் நரம்பு, அதன் மேல் தோல், அவ்வளவுதான். ஐயோ.

மார்ச் 24, செவ்வாய்

அவள் வேலையிலிருந்து வந்ததும் கீழே இறங்கிப் போனேன். ஷூவை மேசை மேல் வைத்தேன்.

"நாலாவது காதுல லேஸ் மாட்டித்தான் ஓடினியா?"

"ஆமா. ஏன்?"

"அப்ப அது மட்டும் ஏன் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு?"

பார்த்தாள். பிறகு சாக்ஸைக் கழற்றிக் காட்டினாள். இரண்டு நகம் கறுத்துக் கிடக்கிறது.

"பன்னெண்டு கிலோமீட்டர் வரைக்கும் ஜோரா இருக்கு அண்ணி. பதினெட்டுல ரெண்டு விரல் மரத்துப்போகும். இருபத்தஞ்சு தாண்டினா விரல் இருக்கா இல்லையான்னே தெரியாது. முதல் ஓட்டம் அப்படித்தான். அப்புறம் அந்த ஒண்ணை விட்டுட்டு மாட்டிக்கிட்டேன், சரியாப் போச்சு. மேல வர்றதுக்கு முன்னாடி படியில உக்காந்து பழையபடி மாட்டிடுவேன்."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. உனக்கு விரல் போனா நான் உங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்னு கேட்டேன். மண்டைல மூளை இருக்கான்னு கேட்டேன். ஒன்பதாம் ஒன்பது! யாருக்கு வேணும் உன் ஒன்பது?

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அதுவே எனக்கு என்னமோ செய்தது.

"ரெண்டாவது மாதிரி அறுந்தப்போ உங்ககிட்ட குப்பைன்னு சொன்னேன். அன்னிக்கு நீங்க பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதீங்க. இந்த வீட்ல பைப்பெல்லாம் ஒரே லைன் அண்ணி, கீழ எல்லாம் கேக்கும். மறுபடி ஒரு தடவை அதைக் கேக்க என்னால முடியாது."

நான் ஷூவை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டேன்.

எல்லாவற்றிலும் நொள்ளை சொல்கிறவள் ஒன்பது போடுகிறாள் என்றால் என்னவோ இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? தெரிந்திருக்கும். கேட்டால் ஒன்பது போய்விடும் என்றுதான் கேட்காமல் இருந்தேன். அவள் ஒரு பொய் சொன்னாள். நான் அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 25, புதன்

லீவு போட்டேன். அதே மாதிரி ஷூவை, என் கால் அளவில், நானே கட்டிக்கொண்டு நடந்தேன். ஓட என்னால் ஆகாது. தராசு இல்லாமல், வீட்டில் செருப்பு தேடுகிற அவசரத்தில் இழுப்போமே, அப்படி இழுத்துக் கட்டினேன்.

ஒரு மணி நேரம் வரை சொர்க்கம். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கட்டை விரலுக்குப் பக்கத்து விரலைக் காணோம்.

நேரம் ஆக ஆகக் கால் வீங்குகிறது. எல்லோருக்கும் வீங்கும். பழைய ஓட்டை என்றால் லேஸ் அங்கங்கே பிடித்து நிற்கும். என் காதில் வழுக்கி ஓடி, தளர்ந்த இடத்தின் இழுப்பையும் மேட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரே சீராக இறுகும் என்று பெருமை அடித்துக்கொண்டேனே, அதே குணம்தான்.

தையல்காரருக்குப் போன் செய்து, லேபில் ஒருவருக்கும் ஏன் வலிக்கவில்லை என்று கேட்டேன். சிரித்தார். "நீங்களே பூப்போல கட்டிவிட்டு, நாப்பது நிமிஷத்துல கழட்டியும் விட்டா யாருக்கு மேடம் வலிக்கும்?"

மார்ச் 27, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை.

கூட்டத்துக்கு அரை மணி முன்னால் மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கோபப்படவும் இல்லை, கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"லேப்ல பதினெட்டுப் பேர் ஓகே சொல்லிருக்காங்க. உங்க வீட்ல ஒருத்தங்களுக்கு நகம் கறுத்துப் போச்சு. எதைம்மா நம்பறது?"

"பதினெட்டுப் பேருக்கும் நான்தான் சார் கட்டிவிட்டேன்."

"ரிப்போர்ட்ல அது இல்லையே?"

"நான் எழுதல. எழுதணும்னே தோணல."

கொஞ்ச நேரம் பேனாவை மேசையில் தட்டினார். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடப்போவதில்லை, போட்டுவிட்டு அடுத்த வருஷம் திருத்தலாமே என்றார். நியாயமான பேச்சுதான். நானே நேற்று முழுக்க எனக்குள் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன்.

"மீதி கால்வாசிப் பேரை எனக்குத் தெரியும் சார். ஒருத்தி எங்க வீட்டுக் கீழதான் இருக்கா."

இந்த வருஷம் ஓட்டை வைத்த பழைய மாதிரியே வெளிவரும் என்று முடிவாகிவிட்டது. என்னைப் பற்றித் திங்கட்கிழமை சொல்வார்களாம்.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறக்காமலே அழுதேன். கேட்டால் கேட்கட்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

கலர் பிரிவு. இந்த நீலம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அந்த நீலம்.

மே 2, சனி

மேனேஜரிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். சனிக்கிழமைகளில் பட்டறையில் ஒரு மேசை. "உங்க லீவு நாள், உங்க இஷ்டம்" என்றார். தையல்காரரும் வந்தார். வீட்டில் இருந்தால் மாமியார் தோட்டத்தைக் கொத்தச் சொல்வார், அதற்கு இது தேவலை என்கிறார்.

நாத்தனார் செய்ததைத்தான் செய்கிறோம். நாலாவது காதை எடுத்தாயிற்று. மேட்டுக்கு மேல் லேஸ் குறுக்கே போகாது, இரண்டு பக்கமும் ஓரமாக ஏறிப் போகும். ஐந்தாவது காது மட்டும் வழுக்காத முரட்டு நாடா, இழுப்பை அங்கேயே பிடித்து நிறுத்தும். இரண்டு வருஷமாக நான் வரைந்து தேடியதை அவள் வாசற்படியில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாள். சொன்னால் தலைகால் புரியாது. சொல்லவில்லை.

ஜூன் 13, சனி

புது மாதிரியில் இருபத்தெட்டு கிலோமீட்டர். தானே கட்டிக்கொண்டாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து, ஷூக் காலோடு என் தரையை மிதித்துக்கொண்டு, சேறும் சகதியுமாக, நேரே சோபாவில் விழுந்தாள்.

"ஷூவோட நாக்கு ஒரு பக்கமா நழுவுது. லேஸ் நுனி ரொம்ப நீளம், தட்டுது. இந்த நிறம் யார் பாத்தது, நீங்களா? கண்றாவி. ஆறு மார்க்."

ஆறு! சந்தோஷத்தில் அவளுக்கு இரண்டாவது காப்பி போட்டேன். சர்க்கரை கம்மி என்றாள்.

அக்டோபர் 4, ஞாயிறு

நாற்பத்திரண்டு கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு ஆரம்பம். கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, லேஸ் கட்டிவிடச் சொல்லிக் காலை என் பக்கம் நீட்டினாள்.

"நீயே கட்டிக்கோ" என்றேன்.

"அவசரத்துக்குக்கூட உதவ மாட்டீங்களே" என்று முனகிக்கொண்டே குனிந்தாள். நன்றாக இறுக்கி இழுத்தாள், எனக்கே பகீரென்றது. வாயை மூடிக்கொண்டேன்.

இவரும் நானும் முடிகிற இடத்தில் போய் நின்றோம். நாலு மணி நேரம் தாண்டியது. நாலு மணி இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் வந்தாள். கோட்டைத் தாண்டி நாலு எட்டு நடந்து, நடுச்சாலையில் சப்பென்று உட்கார்ந்தாள். இவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். நான் முதலில் லேஸைத்தான் பார்த்தேன். கட்டின முடிச்சு கட்டினபடியே இருந்தது.

"மூணு நிமிஷம்" என்றேன்.

"வயிறு படுத்திருச்சு அண்ணி. முப்பதுல நின்னுட்டேன். ஷூ மேல தப்பில்ல."

"இந்த வேலையே வேண்டாம். உண்மையச் சொல்லு."

அவள் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸையும் உருவி எறிந்தாள். நூறு பேர் நடுவில் இரண்டு பாதத்தையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினாள். நான் எண்ணினேன். பத்து.

"இப்ப எழுதிக்கோங்க" என்றாள். "ஒண்ணு, குதிகால்ல உரசுது. ரெண்டு, மழை பெஞ்சா இந்த முரட்டு நாடா தண்ணியக் குடிச்சுக் கனக்குது. மூணு..."

நாளை காலை மேனேஜர் புது மாதிரியை, இன்றைய ஓட்டத்தின் குறைப் பட்டியலோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், கலர் பிரிவுக்கு இல்லை, பழைய அறைக்கு. காரில் வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். மொத்தம் பதினேழு குறை. ஒன்றுகூட விடாமல் எழுதிக்கொண்டேன்.